டிரெய்னர் வேறு, கோச் வேறு: வாளி தூக்கிய பழைய ஆட்டக்காரர்கள்

நூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்துக் கால்பந்தைப் பற்றிப் படிக்கும்போது ஒரு வாக்கியம் அடிக்கடி எதிர்ப்படும்: 'இன்னார் ஆடுவதை நிறுத்தியபின் அதே கிளப்பில் டிரெய்னர் ஆனார்.' தமிழில் இதைப் 'பயிற்சியாளர் ஆனார்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். படிப்பவர் மனதில் வருவதோ, எல்லைக்கோட்டருகே நின்று கையை வீசி, யார் எங்கே ஓட வேண்டும் என்று கத்தும் இன்றைய ஆள். அந்தக் கால இங்கிலாந்து டிரெய்னரின் கையில் இருந்தது தண்ணீர் வாளி. அதற்குள் ஒரு ஸ்பாஞ்ச். யார் எங்கே ஓட வேண்டும் என்று அவர் கத்தினால் வேலைக்கே ஆபத்து. அப்படிக் கத்தி ஒருவர் பதவி இழந்திருக்கிறார்; அவரைப் பின்னால் பார்ப்போம்.

ஒரே தமிழ்ச் சொல்லுக்குள் நாம் அடைத்துவிட்ட மூன்று பேரை முதலில் பிரித்துவிட வேண்டும்.

1900-களின் ஆங்கிலக் கிளப்பில் அணியைத் தேர்ந்தெடுத்தது பெரும்பாலும் இயக்குநர் குழு. உள்ளூர்ச் சாராய ஆலை முதலாளி, கசாப்புக்கடைக்காரர், பஞ்சாலைக்காரர் என்று நான்கைந்து பேர் கூடி, சனிக்கிழமை ஆடப்போகும் பதினோரு பெயர்களை எழுதுவார்கள். செயலர் என்று ஒருவர் இருப்பார். பயணச்சீட்டு, சம்பளப் பட்டியல், ஒப்பந்தக் கடிதம் எல்லாம் அவர் பொறுப்பு. இந்தச் செயலர்தான் மெல்ல வளர்ந்து 'மேனேஜர்' ஆனார். மூன்றாமவர் டிரெய்னர். ஆட்டக்காரர்களோடு திங்கள் முதல் சனி வரை உடனிருந்தவர் அவர் ஒருவரே. அவர்களை ஓடவைப்பதும், உடம்பை உருவிவிடுவதும், காலணியைச் சரிபார்ப்பதும், அடிபட்டால் திடலுக்குள் ஓடுவதும் அவர் வேலை. ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கும் 'கோச்' என்ற ஆள்? அநேகக் கிளப்புகளில் அப்படி ஒருவர் கிடையாது. நல்ல ஆட்டக்காரனுக்கு ஆட்டம் கற்பிக்க வேண்டியதில்லை, உடம்பு மட்டும் தயாராக இருந்தால் போதும் என்பது அன்றைய நம்பிக்கை.

ஆட்டக்காரர்கள் ஏன் இந்த வேலைக்கு வந்தார்கள் என்பதற்குப் பணம்தான் பதில். 1901-இல் லீக் ஆட்டக்காரரின் சம்பளத்துக்கு வாரம் 4 பவுண்ட் என்று உச்சவரம்பு போட்டார்கள். தேர்ந்த தொழிலாளியின் கூலியைவிட அது நன்றாகவே அதிகம். ஆனால் சேர்த்துவைத்து வாழ்நாள் முழுக்கச் சாப்பிடும் அளவு இல்லை. 1922-க்குப் பிறகுகூடப் போட்டிப் பருவத்தில் 8 பவுண்ட், கோடையில் 6. ஒப்பந்தம் வருஷத்துக்கு வருஷம். முப்பதைத் தாண்டினாலோ முழங்கால் போனாலோ கதை முடிந்தது. மதுக்கடை எடுத்து நடத்தலாம், புகையிலைக் கடை வைக்கலாம், பழைய சுரங்கத்துக்கே திரும்பலாம். கிளப்புக்குள்ளேயே தங்க ஆசைப்பட்டவர்களுக்குத் திறந்திருந்த கதவு டிரெய்னர் வேலை. அதற்குப் படிப்போ சான்றிதழோ யாரும் கேட்கவில்லை.

வாளியும் பையும்

ஸ்பாஞ்ச் அவ்வளவு முக்கியமானதற்குக் காரணம் ஒரு விதி. இங்கிலாந்து லீக்கில் 1965 ஆகஸ்ட் வரை மாற்று ஆட்டக்காரரே கிடையாது. பதினோரு பேரில் ஒருவர் விழுந்தால் பத்துப் பேரோடு ஆட வேண்டியதுதான். ஆகவே அடிபட்டவரை எப்படியாவது எழுப்பி நிற்கவைப்பதற்கு ஒரு கோலின் மதிப்பு இருந்தது. சரியாக ஓட முடியாதவரை விங்கில், அதாவது திடலின் பக்கவாட்டு ஓரத்தில், கொண்டுபோய் நிறுத்துவார்கள். அங்கே அவர் நொண்டிக்கொண்டிருந்தாலும் எதிரணிப் பின்கள வீரர் ஒருவர் அவர்மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். அந்த அளவுக்கு லாபம்.

நடுவர் கைகாட்டாமல் டிரெய்னர் கோட்டைத் தாண்டக் கூடாது. காட்டியதும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட்டம். குளிர்ந்த நீரில் முக்கிய ஸ்பாஞ்சை அடிபட்ட இடத்திலும் பிடரியிலும் பிழிவார். மாயம் ஒன்றும் இல்லை. திடீர்க் குளிர்ச்சி வலியை உணரும் நரம்புகளைச் சற்று மந்தமாக்கும், தோலடி ரத்தக்குழாய்களைச் சுருக்கும், மூச்சை ஒருமுறை இழுத்துவிடச் செய்யும். சாதாரண அடிக்கு இதுவே போதும். கெடுதலும் இதே இடத்தில்தான்: வலி மந்தமானதால் எழுந்துவிட்டவருக்கு எலும்பில் விரிசல் இருந்தாலும் தெரியாது. போதாக்குறைக்கு ஒருவரின் சிராய்ப்பைத் துடைத்த ஸ்பாஞ்சே அடுத்தவரின் வாயையும் துடைத்தது. ஆன்டிபயாட்டிக் வராத காலம் அது. திடல் மண்ணிலிருந்து கிளம்பும் கிருமியையும் கூட்டிப் பாருங்கள்.

தோளில் தொங்கும் பையில் அயோடின், பஞ்சு, கட்டுத்துணி, ஒட்டுப்பட்டை, வாசலின், மயங்கியவர் மூக்கில் காட்ட அம்மோனியா உப்புக் குப்பி, சிறிய பிராந்தி அல்லது விஸ்கிப் புட்டி எல்லாம் இருக்கும். மறக்கக் கூடாதவை சுத்தியும் குறடும். அன்றைய காலணியின் அடியில் இருந்த குமிழ்கள் தோல் வட்டுகளை அடுக்கி ஆணி அடித்தவை. தோல் தேயத் தேய ஆணி வெளியே தலைகாட்டும். சில நேரம் உள்பக்கமாக ஏறி ஆட்டக்காரரின் பாதத்தையே குத்தும். வெளியே நீண்ட ஆணி எதிராளியின் தொடையைக் கிழித்துவிடும். ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு காலணியையும் கவிழ்த்து, குமிழ்களை விரலால் தடவிப் பார்க்காத டிரெய்னர் தன் வேலையில் பாதியைச் செய்யவில்லை என்றே அர்த்தம்.

தைலம் தனிக் கதை. கடையில் விற்ற எல்லிமன்ஸ் தைலத்தில் டர்பன்டைன், புளிக்காடி, முட்டை ஆகியவை முக்கியச் சரக்கு. அநேக டிரெய்னர்கள் இதே சரக்கை வைத்துத் தங்கள் கைப்பக்குவத்தில் ஒரு கலவை செய்துகொண்டு, அளவைச் சொல்லாமல் ரகசியமாக வைத்திருந்தார்கள். நம்மூர் எலும்பு வைத்தியர்களின் எண்ணெய்க்குச் சற்றும் குறையாத ரகசியம். தோலைச் சூடேற்றுவதுதான் அது செய்த உதவி. ஆட்டத்துக்கு முன் தேய்த்தால் நல்லது. அடிபட்ட உடனே தேய்த்தால் தீமை.

ஏன் தீமை என்பதைத் தொடை அடியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். எதிராளியின் முழங்கால் தொடையின் முன்தசையில் இடிக்கிறது. தசைக்குள் ரத்தம் கசிந்து கட்டுகிறது. முதல் ஓரிரு நாள் அந்த இடத்துக்கு வேண்டியது குளிர் ஒத்தடம், இறுக்கமான கட்டு, அசையாத கால். பழைய முறை டிரெய்னர் என்ன செய்தார்? 'கட்டியைக் கரைக்கிறேன்' என்று சூடு வைத்து, பெருவிரலால் அழுத்தி உருவினார். கசிவு கூடியது. சில பேருக்கு அந்த ரத்தக்கட்டு தசைக்குள்ளேயே சுண்ணாம்பேறி எலும்பாக மாறத் தொடங்கியது. அதன்பின் முழங்காலை முழுதாக மடக்கவே மாதக்கணக்கில் ஆகும். சூட்டின் முறை இரண்டு மூன்று நாள் கழித்துத்தான். அதுவும் வீக்கம் ஏறுவது நின்றபிறகு.

பந்தில்லாத பயிற்சி

வாரப் பயிற்சியைப் பார்த்தால் இன்றைய சிறுவர் அணிகூடச் சிரிக்கும். திங்கட்கிழமை வெந்நீர்க் குளியல், உருவிவிடுதல். செவ்வாய் முதல் திடலைச் சுற்றிச் சுற்றி ஓட்டம், குறுந்தூர வேக ஓட்டம், கயிறாட்டம், குத்துப்பந்து, நாட்டுப்புறச் சாலையில் பல மைல் வேகநடை. 'இந்தியன் கிளப்' என்று அவர்கள் பயிற்சிக் குறிப்புகளில் வருவது வேறொன்றுமில்லை, நம் கர்லாக்கட்டையின் சிறிய உருவம். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தார் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. தோற்றால் வெளியேற வேண்டிய எஃப்.ஏ. கோப்பைப் போட்டி வந்தால் அணியையே பிளாக்பூல் போன்ற கடற்கரை ஊருக்கோ, உப்புநீர்க் குளியலுக்குப் பெயர்போன டிராய்ட்விச்சுக்கோ அழைத்துப் போவார்கள்.

பந்து? வாரத்தில் ஒருநாள் கொஞ்சநேரம் கண்ணில் காட்டினால் அதிகம். வாரம் முழுக்கப் பந்தைத் தராமல் வைத்திருந்தால்தான் சனிக்கிழமை பசியோடு அதன்மேல் பாய்வார்கள் என்று ஒரு வாதம் சொன்னார்கள். உண்மையில் டிரெய்னர்கள் பலருக்குத் தெரிந்தது ஓட்டப்பந்தய வீரரையும் குத்துச்சண்டை வீரரையும் தயார்செய்யும் பழைய முறைதான். பந்தைக் கொண்டு கற்பிக்க அவர்களிடம் எதுவும் இல்லை. பசி வாதம் அந்த வெறுமையை மூடிய போர்வை என்றே எனக்குத் தோன்றுகிறது.

டாம் விட்டேகர்: முழங்கால் போனவர் முழங்கால் பார்த்தார்

இந்தத் தொழில் கைவைத்தியத்திலிருந்து மருத்துவத்துக்கு நகர்ந்ததைப் பார்க்க ஒரே ஆளைப் பின்தொடர்ந்தால் போதும். டாம் விட்டேகர் 1898-இல் ஆல்டர்ஷாட்டில் பிறந்து நியூகாஸிலில் வளர்ந்தவர். கப்பல் எஞ்சின் தொழில் கற்றவர். முதல் உலகப் போரில் பணியாற்றிவிட்டு 1919-இல் லண்டன் கிளப்பான ஆர்சனலில் சேர்ந்தார். லீக்கில் 64 ஆட்டம். தூணும் அல்ல, துரும்பும் அல்ல. அணிக்கு ஆகிவந்த ஆட்டக்காரர். 1925-இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் அணியோடு ஆஸ்திரேலியா போனபோது உல்லன்காங் நகரில் முட்டிச்சில்லு உடைந்தது. இனி ஆட முடியாது.

அதே 1925 கோடையில்தான் ஹெர்பர்ட் சாப்மன் ஆர்சனல் மேனேஜராக வந்திருந்தார். ஆட்டக்காரரைத் தேர்வதும் உத்தி வகுப்பதும் இயக்குநர் குழுவின் வேலையல்ல, தன் வேலை என்று நிலைநாட்டியவர் அவர். விட்டேகர் உடற்கூறும் இயன்முறை மருத்துவமும் (பிசியோதெரபி) படித்துக்கொண்டு துணை டிரெய்னராகச் சேர்ந்தார். முதல் அணியின் டிரெய்னர் அப்போது ஜார்ஜ் ஹார்டி என்ற மூத்தவர்.

1927 பிப்ரவரியில் போர்ட் வேல் அணியோடு சமனில் முடிந்த கோப்பை ஆட்டத்துக்கு மறு ஆட்டம். கோல் வரவில்லை என்ற பதற்றத்தில் ஹார்டி எல்லைக்கோட்டிலிருந்து ஆட்டக்காரர்களுக்கு இடமாற்ற உத்தரவு ஒன்றைக் கத்திவிட்டார். சாப்மனுக்கு அது பொறுக்கவில்லை. உத்தி மேனேஜருடையது, டிரெய்னருக்கு அதில் வாயில்லை. ஆட்டம் முடிந்ததும் முதல் அணியின் பொறுப்பு விட்டேகரிடம் போனது. ஹார்டி விரைவில் டாட்டன்ஹாம் கிளப்புக்குப் போய்விட்டார். அந்தப் பருவத்தில் ஆர்சனல் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போய்க் கார்டிஃபிடம் 0-1 என்று தோற்றது. டிரெய்னருக்கும் மேனேஜருக்கும் நடுவே கோடு எங்கே கிடந்தது என்று கேட்பவருக்கு ஹார்டியின் கதையைவிடத் தெளிவான பதில் கிடையாது.

விட்டேகர் தன் அறையை மருத்துவமனைப் பிரிவு போல மாற்றினார். சூரிய விளக்கு, வெப்ப விளக்கு, மின்னோட்டக் கருவிகள். இவை வானத்திலிருந்து குதிக்கவில்லை. போரில் காயம்பட்ட லட்சக்கணக்கான சிப்பாய்களை மறுபடி நடக்கவைத்த அனுபவத்தில்தான் பிரிட்டனில் இயன்முறை மருத்துவம் தலையெடுத்தது. அத்துறையின் சங்கத்துக்கு 1920-இல் அரச சாசனமே கிடைத்தது. அந்த அறிவைத் திடலுக்குக் கொண்டுவந்ததுதான் விட்டேகரின் பங்கு.

முழங்காலையே எடுத்துக்கொள்வோம். பாதம் மண்ணில் பதிந்திருக்க உடம்பு திரும்பும்போது மூட்டுக்குள் இருக்கும் பிறைவடிவக் குருத்தெலும்பு கிழியும். நன்றாகப் பார்க்கத் தெரிந்த டிரெய்னர் முதலில் ஆட்டக்காரரை எழுப்ப மாட்டார். எலும்பின் நீளத்துக்கு விரலால் அழுத்திக்கொண்டே போவார். ஒரே புள்ளியில் துள்ளினால் முறிவு என்று சந்தேகிப்பார். அடுத்து, பாரம் ஏற்றாமல் மூட்டை மடக்கி நீட்டுவார். கால் பாதியில் பூட்டிக்கொண்டு நீளவில்லை என்றால் கிழிந்த துண்டு இடுக்கில் மாட்டியிருக்கலாம். அந்தக் காலை இழுத்து நேராக்க முயலக் கூடாது. வீக்கத்தின் வேகத்தையும் கவனிப்பார். ஒரு மணி நேரத்துக்குள் பொங்கினால் உள்ளே ரத்தம். மறுநாள் காலையில் வீங்கியிருந்தால் பெரும்பாலும் மூட்டு நீர். இவ்வளவும் சரியாக இருந்தால்தான் நிற்கவைப்பது, பிறகு நடை, பிறகு மெதுவான ஓட்டம்.

அக்காலச் சிகிச்சை, மூட்டைத் திறந்து கிழிந்த குருத்தெலும்பை வெட்டியெடுப்பது. பலர் அதன்பின் ஆடாமல் போனதற்குக் கத்தியை மட்டும் குறைசொல்ல முடியாது. அசையாமல் கிடந்தால் சில நாளிலேயே தொடையின் முன்தசை சுருங்கத் தொடங்கும். தசை தளர்ந்த முழங்கால், கயிறு தளர்ந்த கூடாரம். மின்னோட்டத்தால் தசையைச் சுருங்கி விரியவைப்பதும், படுத்தபடியே காலை நீட்டித் தூக்கவைப்பதும், பிறகு சிறிது சிறிதாக எடை சேர்ப்பதும் இந்த ஒரு சிக்கலுக்காகத்தான். இரண்டு தொடைகளையும் அளவுநாடாவால் அளந்து வித்தியாசம் குறைந்தபிறகு திடலுக்கு அனுப்ப வேண்டும். அவசரப்பட்டால் அதே முழங்கால் திரும்பவும் போகும்.

ஆர்சனலின் முன்கள வீரர் டெட் டிரேக் இதற்குக் கண்கூடான சாட்சி. 1935 டிசம்பர் 14 அன்று முழங்காலில் கட்டோடு ஆஸ்டன் வில்லா திடலில் ஒரே ஆட்டத்தில் 7 கோல் போட்டார். சில வாரங்களில் அந்த முழங்காலுக்கு அறுவை சிகிச்சை ஆனது. 1936 ஏப்ரல் 25, வெம்பிளியில் கோப்பையின் இறுதி ஆட்டம்: மறுபடி கட்டுப்போட்ட காலோடு வந்து ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்கு எதிராக ஆட்டத்தின் ஒரே கோலையும் அவரே போட்டார். இன்றைய மருத்துவர் இவ்வளவு சீக்கிரம் ஆடவிட்டிருப்பாரா என்பது வேறு கேள்வி.

இங்கிலாந்து தேசிய அணிக்கும் விட்டேகர்தான் சில முறை டிரெய்னர். 1934 நவம்பர் 14 அன்று ஆர்சனலின் ஹைபரி திடலில் இத்தாலியோடு நடந்த ஆட்டம் அடிதடியாக முடிந்தது. இங்கிலாந்து 3-2 என்று வென்றது. அணியில் ஏழு பேர் ஆர்சனல்காரர்கள். கேப்டன் எடி ஹாப்குட் மூக்கு உடைந்து வெளியேறி, சிகிச்சைக்குப் பின் திரும்பி வந்து ஆடினார். இத்தாலியின் லூயிஸ் மான்டி பாத எலும்பு முறிந்து வெளியேற, அவர்கள் பத்துப் பேரோடு முடித்தார்கள். மாற்று ஆட்டக்காரர் இல்லாத காலத்தில் டிரெய்னர் அறைக்கு என்ன விலை என்று அந்த ஒரு பிற்பகல் சொல்லும்.

கடல் தாண்டினால் அர்த்தம் மாறும்

இனிதான் குழப்பம். ஜெர்மன், டச்சு மொழிகளில் 'டிரெய்னர்' என்றால் ஆட்டம் கற்பிப்பவர். ஸ்பானிய, பிரெஞ்சுச் சொற்களும் அதே பொருள்தான். ஆகவே இங்கிலாந்தில் வாளிதான் கதி என்றிருந்த பழைய ஆட்டக்காரர் கப்பலேறி இறங்கியதும் ஆசிரியராகிவிட்டார்.

ஜிம்மி ஹோகன் 1882-இல் லங்காஷயரின் நெல்சன் ஊரில் பிறந்தவர். பர்ன்லி, ஃபுல்ஹாம், போல்ட்டன் அணிகளின் முன்கள வீரர். 1910-இல் ஹாலந்தின் டோர்ட்ரெக்ட் போய் ஆட்டம் கற்பிக்கத் தொடங்கினார். பிறகு வியன்னா. 1914-இல் போர் மூண்டதும் எதிரி நாட்டுக் குடிமகன் என்று அவரைப் பிடித்துவைத்தார்கள். பிறகு புடாபெஸ்ட்டுக்கு வந்து எம்.டி.கே. கிளப்பில் போர் முடியும்வரை பயிற்சி கொடுத்தார். அவர் முறை எளிது: முதல் நாளிலிருந்தே பந்து. வந்த பந்தை ஒரே தொடுகையில் அடக்குவது, தரையோடு அனுப்புவது, அனுப்பியவுடன் வெற்றிடத்துக்கு நகர்வது. எம்.டி.கே. 1917 முதல் 1925 வரை ஹங்கேரிப் பட்டத்தை வேறு யாருக்கும் விடவில்லை. இதே ஹோகனை 1934-இல் ஃபுல்ஹாம் மேனேஜராக எடுத்தபோது, எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்று மூத்த ஆட்டக்காரர்கள் முறுக்கிக்கொண்டார்கள். ஒரு பருவம் முடிவதற்குள், மருத்துவமனையில் படுத்திருந்தவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

வில்லியம் கார்பட் ஆர்சனலிலும் பிளாக்பர்னிலும் ஆடியவர். 29 வயதில் ஆட்டம் முடிந்து, 1912-இல் இத்தாலியின் ஜெனோவாவுக்குப் போனார். 1923, 1924 பட்டங்கள் அவர் கையில் வந்தவை. பிறகு ரோமா, நாப்போலி. 1936-இல் ஸ்பெயினில் பில்பாவோ அணிக்கு லீக் பட்டம். இத்தாலிய ஆட்டக்காரர்கள் இன்றும் கோச்சை 'மிஸ்டர்' என்று கூப்பிடுவதை அவர் காலத்தோடு சேர்த்தே சொல்வார்கள்.

இன்னொரு பழைய ஆங்கில ஆட்டக்காரரான ஃப்ரெட் பென்ட்லண்டின் பாதை இன்னும் கோணல். 1914-இல் ஜெர்மனிக்குப் போன சில மாதத்தில் போர் வந்துவிட, பெர்லின் அருகே ரூலபென் குதிரைப்பந்தயத் திடல் முகாமில் அடைபட்டார். ஸ்டீவ் புளூமர், ஜான் கேமரன் என்று பெரிய ஆட்டக்காரர்கள் அங்கே உடன் கைதிகள். உள்ளேயே போட்டிகள் நடத்தினார்கள். பிற்பாடு பில்பாவோவில் 1930, 1931 லீக் பட்டங்களை வென்றார். 1929 மே மாதம் மட்ரிட்டில் ஸ்பெயின் இங்கிலாந்தை 4-3 என்று வென்றபோது ஸ்பெயின் அணியைத் தயார்செய்தவர்களில் ஒருவர் இந்த ஆங்கிலேயர்.

ஆக, பழைய வாழ்க்கைக் குறிப்பில் 'டிரெய்னர்' என்று கண்டால் முதலில் நாட்டைப் பாருங்கள். இங்கிலாந்து என்றால் உடம்பைப் பார்த்தவர், ஐரோப்பிய நிலப்பகுதி என்றால் ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர். அடுத்து வருஷம்: 1925-க்கு முன் அணியைத் தேர்ந்தவர்கள் பெரும்பாலும் இயக்குநர்கள்தான்; மேனேஜர் என்று பெயர் இருந்தாலும் அதிகாரம் இருந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இந்த அடையாளங்கள் தடுமாறும் இடமும் உண்டு. விட்டேகர் 1947-இல் மேனேஜரே ஆகி, 1948, 1953 லீக் பட்டங்களையும் 1950 கோப்பையையும் வென்று, பதவியில் இருக்கும்போதே 1956-இல் மாரடைப்பால் இறந்தார். பத்து வருஷம் கழித்து அதே கிளப் அதே மாதிரி இன்னொருவரைத் தேர்ந்தது. பெர்ட்டி மீ, காயத்தால் ஆட்டத்தை விட்டு, ராணுவ மருத்துவப் படையில் தொழில் கற்று, ஆர்சனலின் இயன்முறை மருத்துவராக இருந்தவர், 1966-இல் மேனேஜர். 1971-இல் அவர் தலைமையில் ஆர்சனல் லீக்கையும் கோப்பையையும் ஒரே பருவத்தில் வென்றது. ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க டான் ஹோ என்ற கோச் தனியாக இருந்தார். மீயைத் தமிழில் 'பயிற்சியாளர்' என்று எழுதினால், அவர் கவனமாகப் பிறரிடம் விட்டுவைத்த அந்த ஒரு வேலையைத்தான் அவர் தலையில் கட்டுகிறோம்.